கை நடுக்கமும் மூளை ஸ்கானும்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

அப்பாவின் வலது கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்குகிறது. நடை சிறுத்துவிட்டது, சேட்டுப் பொத்தான் பூட்டவே நேரம் எடுக்கிறது. வீட்டார் காசு சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று றிப்போட் வருகிறது. 'அப்பாடா, வருத்தம் ஒன்றுமில்லை' என்று கிளினிக்குக்குப் போவதையும் விட்டுவிடுகிறார்கள். அசைவு சார்ந்த நரம்பு வருத்தங்களில் நடக்கும் முதல் பிழை இது. ஆகப் பெரிய பிழையும் இதுதான்.

பார்க்கின்சன் நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பட்டையில் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் வரும் நோய் அது. வழக்கமான எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் வடிவத்தை. டோபமினின் அளவை அதில் பார்க்க முடியாது. கிணற்றைப் படம் எடுத்தால் கட்டு வெடித்திருக்கிறதா என்று தெரியும், தண்ணீர் உவரா நன்னீரா என்று தெரியாது.

நோயை நிர்ணயிப்பது நோயாளரைப் பார்த்துத்தான். அசைவு மந்தமாக இருக்க வேண்டும். அதோடு ஓய்வு நிலை நடுக்கமோ தசை இறுக்கமோ சேர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் தொடங்கியதா, டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா குளிசைக்கு நல்ல பலன் தெரிகிறதா என்பவையும் பெரிய துப்புகள். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை ஆறு பேரை வைத்து விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. கண்ணால் பார்ப்பதன் பெறுமதி இன்றைக்கும் குறையவில்லை.

அப்படியென்றால் ஸ்கான் எதற்கு? பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு வருத்தங்களை விலக்குவதற்கு. விழுந்து சில வாரங்களுக்குப் பிறகு மூளை உறையின் கீழ் சேரும் இரத்தம், சின்னச் சின்னப் பாரிசவாதங்கள், கட்டி, மூளையறைகளில் நீர் கூடுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னுக்கு வரும். நடை ஒட்டி ஒட்டிப் போய், சிறுநீர் அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்தால் மூளை நீரை நினைக்க வேண்டும். மூளையறைகளின் முன்கொம்புகளின் அகலத்தை மண்டையின் உள் அகலத்தால் வகுத்து 0.3க்கு மேல் வந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லிலீற்றர் நீர் எடுத்து, நடை திருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இது சத்திரசிகிச்சையால் திருத்தக்கூடியது என்பதால் தவறவிடக் கூடாது.

வயது போனவர்களின் றிப்போட்டில் மூளை சற்றுச் சுருங்கியிருக்கிறது, நுண்குழாய் மாற்றங்கள் உண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறுவதும் பிழைதான். எழுபது கடந்த பலருடைய படங்களில் இந்த இரண்டும் இருக்கும். நடுக்கத்துக்கு அவைதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மருந்துப் பையை மறந்துவிடுவது

ஸ்கானுக்குத் திகதி எடுக்க முதல் குளிசைப் பை முழுவதையும் மேசையில் கொட்டிப் பாருங்கள். தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சினரிசின், ஃப்ளுனரிசின், புரோகுளோர்பெரசின், சத்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், மனநோய்க்கான ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், வலிப்புக்கான சோடியம் வல்ப்ரோவேட் ஆகிய எல்லாம் நடுக்கத்தைக் கொண்டுவரக்கூடியவை. முதல் ஐந்தாறும் பார்க்கின்சனை அப்படியே உரித்து வைத்த மாதிரி மந்தமும் இறுக்கமும் தரும். தலைச்சுற்றுக் குளிசையை ஒரு தரம் எழுதிக் கொடுத்ததும் பாமசியில் மாதாமாதம் வாங்கி வருடக்கணக்காகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு எந்த ஸ்கானும் விடை சொல்லாது. வைத்தியர் அந்த மருந்தை நிறுத்தினால் வாரங்களில், சிலருக்கு மாதங்களில், குறையும். மனநோய், வலிப்பு மருந்துகளை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உடம்பில் இருக்கும் இரும்பைச் சொல்லாமல் விடுவது

இலங்கையின் வடக்கில் இதைத்தான் எல்லாவற்றிலும் கூடுதலாக அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் காயப்பட்ட எத்தனையோ பேரின் உடம்பில் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் இன்னும் இருக்கின்றன. காயம் ஆறி, வருடங்கள் போய், ஆளுக்கே அது மறந்திருக்கும். 'உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா?' என்று கேட்டால் பல்லுக் கட்டினதையும் காதுத் தோட்டையும் நினைத்து 'இல்லை' என்பார்கள். ஆகவே கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: 'ஷெல் பட்டதா? குண்டுவெடிப்புக்குக் கிட்ட நின்றீர்களா? எடுக்காமல் விட்ட துண்டு இருக்கிறதா? இரும்பு ஒட்டுற, அரைக்கிற வேலை செய்து கண்ணுக்குள் தூள் போனதா?'

1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ.யின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்கு வலியது. வழக்கமான இயந்திரங்களில் ஸ்கான் எடுக்காத நேரத்திலும், இரவிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஷெல் துண்டு உருக்கால் ஆனது. காந்தம் அதை இழுக்கும், திருப்பும். தொடைத் தசையில் பல வருடங்களாகத் தழும்புக்குள் இறுகிப்போன துண்டு அசையாமல் இருந்துவிடலாம். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குக் கிட்ட, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில், மூளைக்குள் இருக்கும் துண்டு வேறு கதை. ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலே பார்வை போகலாம்.

சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்றே: கண்குழி, மண்டை, காயப்பட்ட இடம். எக்ஸ்றேயில் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியும், எந்த உலோகம் என்று தெரியாது. ஈயச் சன்னத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் மேலுறை உருக்காக இருக்கலாம். எடுக்கலாமா, கூடாதா என்பதைக் கதிரியல் நிபுணர் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வீட்டாரோ வாசலில் நிற்பவரோ அல்ல. கூடாது என்றால் சி.ரி. ஸ்கான் இருக்கிறது. இரத்தக் கசிவு, மூளை நீர், கட்டி, சுண்ணாம்புப் படிவு ஆகிய கேள்விகளுக்கு அதுவே பெரும்பாலும் போதும். தாடையிலோ முகத்திலோ துண்டு இருந்தால், ஆபத்து இல்லையென்றாலும் அதைச் சுற்றிப் படம் கறுத்து வளைந்து கெட்டுப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: இதய முடுக்கி, மூளைக் குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி. தாலிக்கொடி, காப்பு, அரைஞாண், அச்சரக்கூடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. கொளுக்கி என்ன உலோகம் என்று யாருக்குத் தெரியும்? வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய ரோட்டிகோட்டின் ஒட்டு மருந்தைத் தோளில் ஒட்டியிருந்தால் அதையும் உரிக்க வேண்டும். அதன் பின்பக்கத்தில் அலுமினியம் இருக்கிறது, தோலைச் சுடும்.

குளிசையை நிறுத்திவிட்டுப் போவது

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று நினைத்து லெவோடோபாவையும் விட்டுவிட்டுப் போவார்கள். வழக்கமான எம்.ஆர்.ஐ.க்கு அதை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால் இரண்டு கெடுதல். ஒன்று, நடுக்கம் கூடிப் படம் கலங்கும். மற்றது பாரதூரமானது: கூடிய அளவில் போட்டு வந்தவர் திடீரென்று முழுக்க நிறுத்தினால் கடும் காய்ச்சல், இறுக்கம், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் கவனம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணத்தில் இரவு வேளைக் குளிசையும் விடியற்காலைக் குளிசையும் தவறிப்போகும். அவற்றைக் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸின் அடியில் போட்ட பெட்டிக்குள் வேண்டாம். பயணத்தில் சத்தி வந்தால் மெட்டோகுளோப்ரமைட்டோ புரோகுளோர்பெரசினோ கொடுக்கக் கூடாது, இருக்கிற நோயை அவை கூட்டிவிடும். இதற்கு வழக்கமாக எழுதுவது டொம்பெரிடோன். இதய வருத்தம் உள்ளவர்கள் அதற்கும் முதலில் கேட்க வேண்டும்.

படம் எடுக்க அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். பார்க்கின்சன் நடுக்கம் செக்கனுக்கு 4 முதல் 6 தடவை; கை நடுங்கினாலும் தலை அசையாவிட்டால் படம் தப்பும். குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு ஸ்கானை வைக்கக் கேளுங்கள். குளிசையின் உச்சத்தில் உடம்பு நெளிபவருக்கு மாத்திரம் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். எடுப்பவர் செய்யக்கூடியவையும் உண்டு: தலைக்கு இருபுறமும் பஞ்சு அணை, முழங்காலின் கீழ் தலையணை, கூன் விழுந்தவருக்குத் தோளின் கீழ் தாங்கு, முக்கியமான படத்தொடரை முதலில் எடுப்பது. கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாருமே அசைவார்கள். மயக்க ஊசி கடைசி வழியாக இருக்கட்டும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு அது மூச்சைப் பாதிக்கலாம்.

ஸ்கானுக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டில் வருகிற பிழை

'நடுக்கம், மூளை எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்த அளவுக்குத்தான் பதிலும் வரும். எந்தப் பக்கம் தொடங்கியது, எத்தனை மாதம், விழுகிறாரா, கண் மேலும் கீழும் போகிறதா, எழும்பும்போது பிறஷர் விழுகிறதா, என்ன மருந்து, எதை விலக்க வேண்டும் என்று நாலு வரி எழுதினால் கதிரியல் நிபுணர் பார்க்கும் இடமே மாறும். அடிக்கடி பின்பக்கம் விழுபவர் என்று தெரிந்தால் நடுமூளை மெலிந்து ரீங்காரச்சிட்டின் தலை போலத் தெரிகிறதா என்று நடுக்கோட்டுப் படத்தில் தேடுவார், பார்க்கின்சன் போலத் தோன்றும் பி.எஸ்.பி. என்ற நோயின் அடையாளம் அது. பிறஷர் விழுபவர், சிறுநீர்ச் சிக்கல் உள்ளவர் என்றால் மூளைத்தண்டின் பொன்ஸ் பகுதியில் சிலுவைக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார், அது எம்.எஸ்.ஏ. என்ற அதுபோன்ற இன்னொரு நோயைச் சுட்டும். இரண்டும் தொடக்கத்தில் தெரியாமலும் இருக்கலாம், அதனால் இல்லை என்பதை வைத்து நோயை விலக்க வேண்டாம்.

சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் ஆரோக்கியமானவருக்குத் தெரியும் 'தகைவிலான் குருவியின் வால்' போன்ற அடையாளம் பார்க்கின்சனில் மறைவது உண்மைதான். அதைப் பார்க்க 3 டெஸ்லா இயந்திரமும் இரும்பைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. தொடரும் அசையாத தலையும் வேண்டும். 1.5 டெஸ்லாவில் எடுத்த கலங்கலான படத்தில் வால் இல்லை என்று சொல்லி நோயை முடிவுகட்டுவது அவசரம்.

சீனி வருத்தத்தை இரத்தக் கசிவு என்று எடுப்பது

சீனி கட்டுப்படாத முதியவர் ஒருவரின் ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று தன்பாட்டில் வீசத் தொடங்கும். சி.ரி. எடுத்தால் மறுபக்கம், மூளையின் ஆழத்தில் உள்ள பியூட்டமன் பகுதியில் வெள்ளையாகத் தெரியும். அதை இரத்தக் கசிவு என்று வாசித்து, இருதயத்துக்குப் போட்ட அஸ்பிரினையும் நிறுத்தி, ஆளைப் படுக்கப் போட்டுவிடுவார்கள். கசிவு சுற்றியுள்ள மூளையைத் தள்ளும், வீங்க வைக்கும், பக்கத்து நரம்புப் பாதைக்குள்ளும் பரவும். சீனியால் வரும் வெண்மை பியூட்டமனின் வடிவத்துக்குள்ளேயே அடங்கி நிற்கும், எதையும் தள்ளாது. எம்.ஆர்.ஐ.யின் ரி1 என்ற வகைப் படத்தில் பிரகாசமாகத் தெரியும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தாலே கதை பாதி வெளிக்கும். சீனியைக் கட்டுப்படுத்தினால் வீச்சு நாட்களிலோ வாரங்களிலோ அடங்குவது வழக்கம். படத்தில் வெண்மை போக மாதங்கள் எடுக்கும், அதற்காகத் திரும்பத் திரும்ப ஸ்கான் வேண்டாம்.

நாற்பதுக்குக் கீழே நடுக்கம், கொன்னல், எழுத்துக் கெடுதல் வந்தால் ஸ்கானோடு நிற்காமல் செரூலோபிளாஸ்மின் என்ற இரத்தப் புரதம், 24 மணிநேரச் சிறுநீர்ச் செம்பு, கண் பரிசோதனை மூன்றும் செய்ய வேண்டும். இவை தேடுவது உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோயை; அது மருந்துக்குக் கட்டுப்படும். பிந்தினால் ஈரலும் மூளையும் கெடும்.

'டாற் ஸ்கான் எடுங்கோ' என்று வரும் அழைப்பு

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை இணையத்தில் வாசித்துவிட்டு அழைப்பார். டாற் ஸ்கான் மூளையின் டோபமின் நரம்பு முனைகளை கதிரியக்க அயடின் 123 கலந்த மருந்தால் காட்டுவது. அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. பார்க்கின்சனா, குடும்பத்தில் ஓடும் சாதாரண கைநடுக்கமா, மருந்தால் வந்ததா என்ற குழப்பத்தில் உதவும். பின்னைய இரண்டிலும் படம் சாதாரணமாக இருக்கும். பார்க்கின்சனையும் பி.எஸ்.பி.யையும் எம்.எஸ்.ஏ.யையும் அது பிரித்துக் காட்டாது, மூன்றிலும் குறைந்தே தெரியும். நோய் தெளிவாக இருந்து லெவோடோபாவுக்குப் பலனும் கிடைத்தால், இதற்காகக் கடல் கடந்து போய்ச் செலவழிப்பது வீண் என்பதே எங்கள் எண்ணம்.

அப்படியும் எடுப்பதானால்: தைரோயிட்டைக் காக்க, கதிரியக்கமில்லாத அயடின் மருந்தை ஊசிக்குக் குறைந்தது ஒரு மணிநேரம் முன்பே குடிக்க வேண்டும். படம் ஊசிக்கு 3 முதல் 6 மணி கழித்தே எடுப்பார்கள். பியூப்ரோபியோன், மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் முடிவைக் குழப்பும், லெவோடோபா குழப்பாது. பெற் ஸ்கான் என்ற இன்னொரு வகையில் பயன்படும் கதிரியக்க ஃப்ளோரின் 18இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 110 நிமிடம்தான். அது தயாராகும் இடத்துக்குக் கிட்டவே ஸ்கானும் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு சொல்: மூளையின் செயற்பாட்டைப் படமாக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் நடுங்குபவரின் தலை கூடுதலாக அசையும், அந்த அசைவே மூளை இணைப்பு வித்தியாசமாக வேடம் போடும். நோயாளர் குழுவும் ஒப்பீட்டுக் குழுவும் ஒரே அளவு அசைந்தார்களா என்று முதலில் காட்டுங்கள். கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மருந்தில்லா நிலை என்றால் வழக்கம் 12 மணிநேர இடைவெளி, அதுவும் வைத்தியர் மேற்பார்வையில். மூளைப் படத்தின் ஒரு லட்சம் புள்ளிகளை, தற்செயலுக்கு 5 வீதம் இடம் விடும் அளவுகோலில், பல சோதனைகளுக்கு ஏற்பத் திருத்தாமல் சோதித்தால் ஐயாயிரம் தற்செயலாகவே ஒளிரும். 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கானில் வைத்து, அதன் மூளையும் 'வேலை செய்வதாக' ஆய்வாளர்கள் காட்டியது இந்தப் பிழையைத் தோலுரிக்கத்தான்.

எடுத்தபின் றிப்போட்டை மட்டும் கொண்டு திரியாமல் சீடியையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த நிபுணர் பார்க்க வேண்டியது மூலப் படத்தை. வருடாவருடம் ஸ்கான் எடுக்கத் தேவையில்லை. இரத்தம் உறையாத மருந்து போடுபவர் விழுந்து, பிறகு தூக்கமோ குழப்பமோ கூடினால் எம்.ஆர்.ஐ. திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே சி.ரி. எடுக்க வேண்டும்.