சனிக்கிழமை மாத்திரை

விரல் முட்டியெல்லாம் வீங்கி, காலையில் ரவிக்கைக் கொக்கி மாட்டவே அரை மணி நேரம் தவித்துக்கொண்டிருந்தேன். முடக்குவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். நம் மூட்டையே தாக்குகிற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. நன்றாகக் கேட்கும். ஆனால் இந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். வேறெது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

பர்மாவில், யாங்கூனில் நான் வாங்கிய கடையில் அட்டையைக் கத்தரித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே பர்மிய எழுத்தில் ‘தினம் ஒன்று’ என்று பேனாவால் எழுதிவிட்டார்கள். பிரஷர் மாத்திரை தினம்தானே, இதுவும் அப்படித்தான் என்று நானும் கேட்கவில்லை. ஏழாம் நாள் நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் புண். மொய்ங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் ஒரு கரண்டி வாயில் வைத்தால் கண்ணில் நீர் முட்டியது. உடம்புச் சூடு என்று மாமியார் இளநீர் கொடுத்தார். ஒன்பதாம் நாள் காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணு அடியோடு இறங்கியிருந்தது. இந்த மருந்துக்கு மாற்று மருந்தான ஃபோலினிக் அமில ஊசி போட்டு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அதனால் முதல் வேலை, கிழமையைக் குறிப்பது. டாக்டர் கையாலேயே கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெள்ளி எனக்கு விரதம், வெறும் வயிற்றில் குமட்டும். சனி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் அசதியாக இருந்தாலும் ஞாயிறுதானே, படுத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின் மாத்திரை, அது வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்கும்.

தினசரி மாத்திரைகளோடு இதை வைக்கவே கூடாது. என்னுடையது பழைய பிஸ்கட் டப்பாவில், பீரோவுக்குள் தனியாக இருக்கிறது. சனிக்கிழமை மகள் எதிரில் எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக எண்ணுவேன்: மஞ்சள் மாத்திரை ஆறு. 2.5 மில்லிகிராம் வீதம் மொத்தம் 15 மில்லிகிராம். உங்கள் அளவு வேறாக இருக்கும். 10 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு, நிறத்தை நம்பி ஏமாறக் கூடாது. அட்டையில் எண்ணைப் படித்த பிறகே கை வைக்க வேண்டும். சாப்பிட்டதும் காலண்டரில் சிவப்புக் கோடு. ஒரு வாரம் தவறிவிட்டால், இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம், அதற்கு மேல் போனால் அடுத்த சனிவரை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஈடுகட்ட இரட்டிப்பாகச் சாப்பிடவே கூடாது.

நம் ஊரில் காய்ச்சல், உடம்புவலி என்று போனால் நாலைந்து மாத்திரையைப் பிரித்துச் சின்னப் பையில் போட்டுத் தருவார்களே, அந்தக் கலவைப் பொட்டலம் நமக்கு விஷம். எது எந்த மருந்து என்றே தெரியாது. அதில் கோட்ரைமாக்ஸசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை இருந்தால் போதும், மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்து, ரத்த அணு ஊறுகிற எலும்பு மஜ்ஜையையே படுக்கப் போட்டுவிடும். வலி மாத்திரையும் கேட்காமல் வேண்டாம். மதுவும் ஈரலைக் கெடுக்கும்.

ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரத்த அணு, ஈரல், சிறுநீரகம் மூன்றும் பார்ப்பார்கள். பர்மாவில் காசநோய் அதிகம், மருந்து தொடங்குமுன்பே மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், காரணமில்லாத கன்றல், கண் மஞ்சள், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு: இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஏப்ரல் வெயிலில், திஞ்ஞான் என்கிற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில், வாந்தி பேதி கண்டாலும் அப்படித்தான்; உடம்பில் நீர் வற்றினால் மருந்து வெளியேறாமல் தங்கிவிடும். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் நமக்கு ஆகாது.

என் நாத்தனார் மகளுக்கும் இதே மருந்துதான், வைகாசியில் கல்யாணம். இது கருவைக் கெடுக்கும், நிறுத்திப் பல மாதம் கழித்துத்தான் குழந்தைக்கு நினைக்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. போன வாரம் நான் சொன்னேன். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறாள்.