குளிர்ப்பிரதேசத்தில் நாடகக் கவசம் செய்ய

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஆண்டுவிழா நாடகத்துக்கு ராஜா கவசம் செய்பவர்கள் அட்டையை நம்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இழுத்து நெளிந்துவிடும். குழந்தைகள் விளையாட விரிக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் பாய்தான் சரி. அது தண்ணீரை உறிஞ்சாது. மார்புக்கு 10 மி.மீ., கைக்காப்புக்கு 5 மி.மீ. போதும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு நிற்கும்.

ஒட்டுவதில்தான் கவனம் தேவை. செருப்புக்குப் போடும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்த வேண்டும். மூடுபனி நாளில் பசைமேல் ஈரம் படர்ந்தால் பிடிக்காது. அதனால் வெயில் வந்த பிறகு ஒட்டுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த வேலை செய்யவே கூடாது, பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும்.

தோள், மார்பு, முதுகை ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். பை தைக்கும் நாடாவும் பக்கிளும் வைத்து இணைத்தால் உள்ளே ஸ்வெட்டர் போட்டாலும் தளர்த்திக்கொள்ளலாம். அப்புறம், பக்கிளுக்குப் பதில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை வைத்தால், அதை ஒட்டுவதோடு விடாமல் நாடாவில் தைத்துவிடுங்கள்.