செமி ஆட்டோவுக்குத் தடை வந்த பிறகு எந்த ரைஃபிள்? பலர் சறுக்கும் இடங்கள்

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம் முடியுமுன்பே, ஏப்ரல் 10-ம் தேதி, பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்கு (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்பவை) தடை விதிக்கும் சட்டத்தை 119-க்கு 1 என்ற வாக்குகளில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜூலை முதல் டிசம்பர் வரை அரசே பணம் கொடுத்து 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டது.

அங்கே மானும் ஆடும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வௌவாலைத் தவிர அந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி கிடையாது. அதனால் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் காக்கத் துப்பாக்கி தூக்குவது அங்கே சாதாரண வேலை. அந்த வேலைக்கு செமி ஆட்டோ வைத்திருந்து ஒப்படைத்தவர் அடுத்து எதை வாங்குவது? சட்டம் சரியா தப்பா என்ற சண்டை தனி. இது வாங்கப் போகிறவருக்கு.

பலர் செய்யும் முதல் தவறு, போனதன் இரட்டைப் பிறவியைத் தேடுவது. பார்க்க அதே மாதிரி, சுட அதே வேகம், ஆனால் சட்டத்தின் எழுத்துக்கு வெளியே நிற்கும் ஒன்று. பிரிட்டனில் இந்தக் கதை முழுதாக நடந்து முடிந்துவிட்டது. 1987-ல் ஹங்கர்ஃபோர்டில் 16 பேர் கொல்லப்பட்ட பிறகு, 1988-ல் .22 ரிம்ஃபயர் (சிறிய, பலம் குறைந்த தோட்டா) வகை தவிர்த்த செமி ஆட்டோ ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டன. பின்னாளில் சந்தைக்கு வந்தது ‘லீவர் ரிலீஸ்’ ரைஃபிள். சுட்டதும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழாயின் பின்பக்கத்தை மூடும் உலோகத் துண்டு) தானே பின்னால் போய் நின்றுகொள்ளும். ஒரு லீவரைத் தட்டினால் அடுத்த தோட்டாவோடு மூடிக்கொள்ளும். சட்டப்படி செமி ஆட்டோ இல்லை. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். 2019-ல் வந்த சட்டம் அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஏழு தோட்டா கொள்ளும், லீவரைக் கையால் இயக்கித் தோட்டா ஏற்றும் அட்லர் ஷாட்கனின் இறக்குமதி 2015-ல் நிறுத்தப்பட்டது. பிறகு ஐந்துக்கு மேல் கொள்ளும் லீவர் ஷாட்கன்கள் மிகக் கடுமையான பிரிவுக்கு மாற்றப்பட்டன. சந்தில் புகுந்து போனால் சந்து அடைபடும். என்னைக் கேட்டால், நூறு வருஷமாக வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் சாதாரண போல்ட் ஆக்ஷன்தான் நிம்மதி.

அப்படிச் சொன்னதும் ‘அது மந்தமாச்சே’ என்பார்கள். நம் ஊர்க் காவலர் தோளில் பல காலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீ நினைவிருக்கிறதா? லீ என்ஃபீல்ட் வகை, அதுவும் போல்ட் ஆக்ஷன்தான். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் அதை வைத்து நிமிடத்துக்குக் குறைந்தது 15 தோட்டா குறிபார்த்துச் சுடப் பயிற்சி பெற்றிருந்தார். ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமல் போல்ட்டை இழுத்துத் தள்ளப் பழகுவதுதான் சூட்சுமம். பழக்கத்தைக் குறை சொல்லாமல் இயந்திரத்தைக் குறை சொல்கிறோம். அதோடு, மான் வேட்டையில் கணக்கில் வருவது முதல் குண்டுதான்.

அப்புறம் உதைப்பு. வாயுவால் இயங்கும் செமி ஆட்டோவில் உதைப்பு கொஞ்சம் பரவலாக, மெத்தென்று வரும். போல்ட் ஆக்ஷனில் முழுசாகத் தோளுக்கு வரும். சிறிய தோட்டாவான .223-ஐ செமி ஆட்டோவில் சுட்டுப் பழகியவர், ‘ஒரு தோட்டாதானே, பலமாக இருக்கட்டும்’ என்று பலமான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா சுடும் எடை குறைந்த ரைஃபிளை வாங்கினால் என்ன ஆகும்? நாலாவது தோட்டாவிலேயே கண் மூடிக்கொள்ளும், விசையை இழுக்கும்போது தோள் சிணுங்கும். ஆட்டுக்கு .223 போதும். செம்மானுக்கு இடைப்பட்ட பலமுள்ள .308 தாராளம். கடையில் எளிதில் கிடைக்கும் தோட்டாக்களும் இவைதான்.

எந்த ரைஃபிள் என்பதைப் பரணில் மிச்சமிருக்கும் தோட்டா தீர்மானிக்கக் கூடாது. எஸ்.கே.எஸ். என்ற செமி ஆட்டோ ரைஃபிள் வைத்திருந்தவரிடம் அதன் 7.62×39 தோட்டா பெட்டி பெட்டியாக இருக்கும். அதற்கும் போல்ட் ஆக்ஷன் உண்டு, கிட்டத்தில் ஆடு சுட நன்றாகவே உதவும். ஆனால் எதிர்ச் சரிவில் 300 மீட்டரில் நிற்கும் மானுக்கு அதைச் சுமந்து போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினை மறப்பது இன்னொரு தவறு. நியூசிலாந்துச் சட்டம் .22 ரிம்ஃபயர் செமி ஆட்டோவை விட்டுவைத்தது, ஆனால் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. ரூகர் 10/22 என்ற .22 ரைஃபிள், அதனுடன் சேர்ந்து வரும் 10 தோட்டா மேகசினோடு இருந்தால் பிரச்சினை இல்லை. அலமாரி மூலையில் கிடக்கும் பழைய 25 தோட்டா மேகசின்தான் ஆளை மாட்டிவிடும். ரைஃபிளை ஒப்படைத்துவிட்டு மேகசினை மறந்தவர் இதை ஒருமுறை துழாவிப் பார்ப்பது நல்லது.

இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு வார்த்தை. செமி ஆட்டோவில் இது பெரிதாகத் தெரிந்திருக்காது. வழக்கமான போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருப்பதால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தெரியும். இடக்கை போல்ட் வைத்த மாடல்கள் குறைவு, காத்திருக்க வேண்டி வரலாம். காத்திருங்கள். கடைக்காரர் ‘போகப் போகப் பழகிடும்’ என்று வலக்கை மாடலை நீட்டினால், தோளில் வைத்துப் பத்து முறை போல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.