காரில்லாமல் அயர்லாந்தைச் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்ளினிலிருந்து கால்வே நகரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தெற்கே இருக்கும் கார்க் நகரத்திலிருந்தும் கால்வேக்குக் கிட்டத்தட்ட அதே தொலைவுதான். வரைபடத்தில் ஒன்றுபோலத் தெரியும் இவ்விரு பயணங்களில் முதலாவதை ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டாவதற்கும் ரயிலையே நம்புகிறவர், லிமரிக் ஜங்ஷனில் ஒருமுறை, லிமரிக்கில் ஒருமுறை என வண்டி மாறி, இடையிடையே காத்திருந்து, பகல் பொழுதில் பெரும்பகுதியை இழக்க நேரிடும். பொதுப் போக்குவரத்தில் அயர்லாந்தைச் சுற்ற விரும்புவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. அவர்கள் ஊர்களுக்கிடையிலான தொலைவைப் பார்த்து நாள்களைப் பிரிக்கிறார்கள். அங்கோ ஒரு நாளில் எத்தனை வண்டி ஓடுகிறது, கடைசி வண்டி எப்போது புறப்படுகிறது என்பவையே பயணத்தை முடிவு செய்கின்றன.

ரயில் வரைபடத்தை அளவுக்கு மீறி நம்புவது முதல் தவறு. அந்நாட்டின் ரயில் பாதைகள் கிழக்குக் கரையிலுள்ள டப்ளினிலிருந்து விசிறி மடிப்புகளைப் போலப் பிரிந்து செல்கின்றன. பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ, வெஸ்ட்போர்ட், கால்வே, லிமரிக், டிராலி, கார்க், வாட்டர்ஃபோர்ட், ராஸ்லேர் ஆகிய எல்லாத் திசைகளுக்கும் டப்ளினிலிருந்து செல்லலாம்; ஆனால் விசிறியின் விளிம்பிலுள்ள ஊர்களுக்கிடையே குறுக்காகச் செல்லும் பாதைகள் மிகக் குறைவு. எனிஸ் வழியாக லிமரிக்கையும் கால்வேயையும் இணைக்கும் பாதை 2010-இல் மீண்டும் திறக்கப்பட்டது என்றாலும், கால்வேயிலிருந்து வடக்கே ஸ்லைகோவுக்கு ரயில் கிடையாது. கனெமாரா பகுதியிலுள்ள கிளிஃப்டனுக்குச் சென்ற பாதை 1935-இலேயே மூடப்பட்டுவிட்டது. டொனகால் கவுண்டி (மாவட்டம்) முழுவதிலும் இன்று ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. வரைபடத்தில் பாதை இருக்கும் இடத்திலும் வண்டி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. லிமரிக் ஜங்ஷனிலிருந்து கிளான்மெல் வழியாக வாட்டர்ஃபோர்டுக்குச் செல்லும் பாதையில் நாளொன்றுக்கு மிகச் சில ரயில்களே ஓடுகின்றன. ஆகவே குறுக்காகச் செல்லும் பயணங்களுக்குப் பேருந்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பஸ் ஏரன் நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ்வே 51 ஆம் எண் பேருந்து கார்க்கிலிருந்து லிமரிக் வழியாக நேரே கால்வேக்குச் செல்கிறது. 64 ஆம் எண் பேருந்து கால்வேயிலிருந்து ஸ்லைகோ, டொனகால் நகரம், லெட்டர்கென்னி வழியாக டெர்ரி வரை செல்கிறது.

இதே காரணத்தால், யூரெயில் போன்ற ரயில் பாஸ்களை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு வருவது பலருக்கு வீண் செலவாக முடிகிறது. அந்தப் பாஸ் தீவின் வடக்கிலும் தெற்கிலும் ரயில்களில் செல்லும். ஆனால் கடற்கரை ஊர்களுக்கு உங்களை உண்மையில் கொண்டுசேர்க்கும் பேருந்துகளில் செல்லாது. ரயில் டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் நிலையத்தில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் விலை குறைவு என்பதையும், முன்பதிவு செய்த இருக்கைக்கு மேலே உங்கள் பெயர் ஒளிரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், நான்கைந்து ரயில் பயணங்கள் மட்டுமே செய்யப்போகிறவர் தனித்தனியே டிக்கெட் எடுப்பதே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது தவறு, போகும் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டியைப் பார்க்காமல் விடுவது. மோஹர் செங்குத்துப் பாறைகளைக் காண, கால்வேக்கும் எனிஸுக்கும் இடையே டூலின் வழியாக ஓடும் 350 ஆம் எண் பேருந்து இருக்கிறது. கால்வேயிலிருந்து செல்ல ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகும். காலை வண்டியில் போய் இறங்குவது எளிது. பாறை விளிம்பில் நடந்து, டூலினில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பலாம் என்று நினைப்பவருக்கு அந்த ‘அடுத்த பேருந்து’ பல மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ இருக்கலாம். சாலையோரத்தில் நின்றால் ஏதாவதொரு வண்டி வந்துவிடும் என்று நம் ஊரில் பழகிய நம்பிக்கை, அயர்லாந்தின் மேற்குக் கரையில் உதவாது. எனவே ஒரு நாள் திட்டத்தைக் கடைசிப் பேருந்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுவது நல்லது: மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய வண்டி எத்தனை மணிக்கு என்று முதலில் குறித்துக்கொண்டு, முந்தைய வண்டியைப் பிடிக்கும்படி அன்றைய திட்டத்தை அமைத்தால், கடைசி வண்டி உங்களுக்குக் காப்பாக மிஞ்சும். டிங்கிளுக்குச் செல்வோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரயில் டிராலியோடு முடிந்துவிடும். அங்கிருந்து 275 ஆம் எண் பேருந்தில்தான் செல்ல வேண்டும். டப்ளினிலிருந்து டிராலிக்கே சுமார் நான்கு மணி நேரமாகும் என்பதால், டிங்கிளைக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராக எண்ணாமல், இரண்டு இரவாவது தங்கும் ஊராகக் கொள்வதே நியாயம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின்னரே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் இந்தக் கணக்கு மேலும் இறுகும்.

கால அட்டவணையைப் படிக்கும்போது கிழமையையும் பருவத்தையும் விட்டுவிடுவது இதன் கிளைத் தவறு. திங்கள் முதல் சனி வரை ஓர் அட்டவணையும் ஞாயிறுக்கு வேறோர் அட்டவணையும் இருக்கும். சுற்றுலா ஊர்களுக்கான பல தடங்களில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரங்கள் மாறும். சிற்றூர்களை இணைக்கும் லோக்கல் லிங்க் பேருந்துகளில் சில முறையான தடத்தில் ஓடுபவை; வேறு சில, முன்கூட்டிச் சொல்லி வைத்தால் மட்டுமே வருபவை. பொது விடுமுறைத் திங்கட்கிழமையை ஒட்டிய வார இறுதிகளில் ரயில் பாதைப் பணிகள் நடப்பது வழக்கம். அப்போது பயணத்தின் ஒரு பகுதியை ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் கடக்க வேண்டியிருக்கும். டிசம்பர் 25 அன்று ரயில்களும் பேருந்துகளும் ஓடுவதில்லை. டப்ளின் விமான நிலையமே அன்று மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் செல்வோர் அந்த நாளை நடந்தே சுற்றக்கூடிய ஓர் ஊரில் கழிக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களால் நேரும் குழப்பங்களும் உண்டு. லிமரிக் ஜங்ஷன் லிமரிக் நகரத்தில் இல்லை. ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளி, டிப்பரரி கவுண்டியில், வண்டி மாறுவதற்காகவே அமைந்த நிலையம் அது. அங்கே விடுதி தேடி இறங்கிவிடக் கூடாது. டப்ளினிலோ நெடுந்தொலைவு ரயில்களுக்கு இரண்டு பெரிய நிலையங்கள் உள்ளன. கார்க், கால்வே, லிமரிக், டிராலி, வெஸ்ட்போர்ட், வாட்டர்ஃபோர்ட் வண்டிகள் நகரின் மேற்கிலுள்ள ஹியூஸ்டனிலிருந்தும், பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ, ராஸ்லேர் வண்டிகள் கிழக்கிலுள்ள கானலியிலிருந்தும் புறப்படுகின்றன. இரண்டையும் லுவாஸ் டிராமின் சிவப்புத் தடம் இணைக்கிறது. ஆனால் அத்தடம் புசாரஸ் நிறுத்தத்தை ஒட்டி இரண்டாகப் பிரிவதால், ‘தி பாயின்ட்’ என்று பலகை போட்ட டிராம் கானலிக்குள் செல்லாது. அதில் ஏறியவர் புசாரஸில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். 1953-இல் திறக்கப்பட்ட அந்தப் புசாரஸ்தான் பஸ் ஏரனின் தலைமைப் பேருந்து நிலையம். தனியார் நிறுவனப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே வராமல் வெவ்வேறு தெருக்களிலிருந்து புறப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. புறப்படும் இடத்தைத் தெருப் பெயருடன் டிக்கெட்டில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். நிறுவனம் எதுவாயினும் நேரங்களைச் சேர்த்துக் காட்டும் டிஎஃப்ஐ லைவ் செயலியைக் கைபேசியில் வைத்திருப்பது உதவும்.

விமான நிலையத்தில் இறங்கியவுடன் நேரும் தவறும் இதைச் சார்ந்ததே. டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் இல்லை. கால்வேக்கோ கார்க்குக்கோ லிமரிக்குக்கோ செல்ல வேண்டியவர், முதலில் பேருந்தில் நகரத்துக்குள் வந்து, பிறகு ரயில் நிலையம் தேடி அலைய வேண்டியதில்லை. விமான நிலைய வாசலிலிருந்தே அந்த ஊர்களுக்கு நேரடிப் பேருந்துகள் புறப்படுகின்றன.

டப்ளின் நகரப் பேருந்தில் பணத்தாளை நீட்டுவதும் வேண்டாம். நாணயங்களாகத்தான் கட்டணம் செலுத்த வேண்டும், மீதிச் சில்லறையும் கிடைக்காது. லீப் கார்டு என்னும் முன்பணப் பயண அட்டை இருந்தால் 2 யூரோவில் 90 நிமிடங்களுக்குள் நகரப் பேருந்து, டார்ட் ரயில், லுவாஸ் ஆகியவற்றில் மாறி மாறிச் செல்லலாம். லுவாஸிலும் டார்ட்டிலும் ஏறுமுன் கார்டைக் காட்டுவதோடு, இறங்கிய பிறகும் காட்ட வேண்டும். மறந்தால் கூடுதல் கட்டணம் பிடிக்கப்படும். சுற்றுலாப் பயணிகளுக்கான லீப் விசிட்டர் கார்டு டப்ளின் வட்டாரத்துக்கு மட்டுமே உரியது என்பதை அறியாமல், அதை நம்பி நெடுந்தொலைவு ரயிலில் ஏறிவிடக் கூடாது. நிறுத்தத்தில் பேசாமல் நின்றுகொண்டிருந்தால் பேருந்து நிற்காமல் போய்விடலாம். வண்டி வருவதைக் கண்டதும் கையை நீட்ட வேண்டும். பலகையில் ‘அன் லார்’ என்று ஐரிஷ் மொழியில் எழுதியிருந்தால் அது ஊர்ப்பெயர் அன்று. நகர மையம் என்று பொருள்.

அரன் தீவுகளுக்குச் செல்வோர், கால்வேயில் கடல் இருப்பதால் படகும் அங்கிருந்தே புறப்படும் என்று எண்ணிவிடுகிறார்கள். நகரத் துறைமுகத்திலிருந்து பருவகாலத்தில் மட்டும் படகு உண்டு. முதன்மையான படகுத்துறை சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே ரோசவீலில் இருக்கிறது. நகரத்திலிருந்து அங்கே கொண்டுசெல்லும் இணைப்புப் பேருந்தையும் படகு டிக்கெட்டோடு சேர்த்து முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்வோருக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலைத் தரக்கூடியது எல்லை. அயர்லாந்து, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்ததன்று. வடக்கு அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்டும் டெர்ரியும் ஐக்கிய ராச்சியத்தைச் சேர்ந்தவை. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு 2024 முதல் மணிக்கொரு ரயில் ஓடுகிறது. வழியில் சோதனைச் சாவடி எதுவும் தென்படாது. நாணயம் யூரோவிலிருந்து பவுண்டுக்கு மாறுவதைக் கடையில் பொருள் வாங்கும்போதுதான் உணர முடியும். சாவடி இல்லை என்பதால் அனுமதி தேவையில்லை என்று பொருளாகாது. எல்லையைக் கடக்கும் பேருந்துகளிலும் ரயில்களிலும் அதிகாரிகள் ஏறி ஆவணங்களைப் பார்ப்பதுண்டு. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்துப் பெற்ற ஐரிஷ் குறுகியகால விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால், முதலில் அயர்லாந்துக்குள் நுழைந்து, அதே விசாவில் வடக்கு அயர்லாந்துக்கும் செல்லலாம். அக்குறிப்பு இல்லாதவருக்குத் தனி பிரிட்டிஷ் விசா வேண்டும். டப்ளினில் படிக்கும் இந்திய மாணவர்கள், தங்களிடம் ஐரிஷ் வசிப்பிட அட்டை இருப்பதால் பெல்ஃபாஸ்ட் சென்றுவரலாம் என்று கருதுவதும் இதே தவறுதான்.

பெல்ஃபாஸ்ட் செல்லும் எண்ணமே இல்லாதவரும் இதில் சிக்கலாம். டப்ளினிலிருந்து லெட்டர்கென்னிக்குச் செல்லும் 32 ஆம் எண் பேருந்து, தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் அயர்லாந்துக் குடியரசில் இருந்தாலும், நடுவே ஓமா, ஸ்ட்ரபேன் வழியாக வடக்கு அயர்லாந்துக்குள் நெடுந்தூரம் ஓடுகிறது. டொனகாலைக் காண விரும்பி, வடக்கு அயர்லாந்துக்குள் செல்ல அனுமதி இல்லாதவர்கள் கானலி நிலையத்தில் ஸ்லைகோ ரயிலில் ஏறி, மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்து, அங்கிருந்து 64 ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். அது பண்டோரன், பாலிஷானன் வழியாகச் சென்று டொனகால் நகரத்தையும் லெட்டர்கென்னியையும் அடைகிறது. லெட்டர்கென்னியைத் தாண்டினால் அதே பேருந்து டெர்ரிக்குள் நுழைந்துவிடும் என்பதால், அங்கேயே இறங்கிவிட வேண்டும்.