கார் பந்தயம் நேரில் பார்க்கப் போகிறீர்களா? இருக்கையை இப்படித் தேர்ந்தெடுங்கள்

முதல்முறை பந்தய டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் டிராக்குக்கு மிக அருகில் இருக்கும் இடத்தைத்தான் தேடுகிறார்கள். பக்கத்தில் போனால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பந்தயக் கார் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கார் எத்தனை விநாடி உங்கள் கண்ணில் இருக்கும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

படி 1: விநாடிக் கணக்கு போடுங்கள்

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு விநாடியில் 83 மீட்டர் கடந்துவிடும். நேர்பாதையின் ஓரத்தில் கீழ் வரிசையில் உட்காருகிறீர்கள், அங்கிருந்து 200 மீட்டர் டிராக் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரை இரண்டரை விநாடிகூடப் பார்க்க முடியாது. இத்தாலியின் மோன்சாவில் ஃபார்முலா 1 பந்தயம் 53 சுற்று. அப்படியானால் முழுப் பந்தயத்திலும் உங்களுக்குப் பிடித்த டிரைவரைப் பார்க்கக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இப்போது வேறொரு இருக்கை. கார்கள் பிரேக் பிடித்துத் திரும்பும் ஒரு வளைவு, மேல் வரிசை, 500 மீட்டர் டிராக் கண்ணில் படுகிறது. அங்கே சராசரி வேகம் 150 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 12 விநாடி. அதே 53 சுற்றில் பத்து நிமிடத்துக்கு மேல் வந்துவிடுகிறது. டிக்கெட் விலை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம், பார்க்கக் கிடைக்கும் பந்தயம் ஐந்து மடங்கு.

டிராக்கின் நீளத்தையும் பாருங்கள். ஃபார்முலா 1 பந்தயத்தின் மொத்த தூரம் 305 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். ஆகவே டிராக் குட்டையாக இருந்தால் கார்கள் அதிக முறை வரும். பெல்ஜியத்தின் ஸ்பா 7 கிலோமீட்டர் நீளம், 44 சுற்று. பிரேசிலின் இன்டர்லாகோஸ் 4.3 கிலோமீட்டர், 71 சுற்று. நீளமான டிராக்குக்குப் போகிறீர்கள் என்றால் இருக்கைத் தேர்வில் இன்னும் கவனம் வேண்டும்.

படி 2: வரைபடத்தில் பிரேக் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டிராக் வரைபடத்தை எடுத்து, முதலில் கார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலான டிராக்குகளில் கடிகாரத் திசை. இன்டர்லாகோஸ், ஆஸ்டின், சிங்கப்பூர் போன்றவற்றில் எதிர்த்திசை. இதைப் பார்க்காமல் விட்டால் வளைவுக்குள் நுழையும் பக்கம் எது, வெளியேறும் பக்கம் எது என்பதே தலைகீழாகிவிடும்.

அப்புறம் நீளமான நேர்பாதை ஒன்று முடிந்து, உடனே மெதுவான வளைவு வரும் இடத்தைத் தேடுங்கள். மோன்சாவின் முதல் வளைவு இதற்கு நல்ல உதாரணம். 350ஐ நெருங்கி வரும் கார், மிகச் சிறிய தூரத்தில் 100க்கும் கீழே இறங்கியாக வேண்டும். பின்னால் வருபவர் முன்காரின் காற்று நிழலில், அதாவது காற்றின் எதிர்ப்பு குறைவாக இருக்கும் அதன் முதுகுப் பக்கத்தில், ஒட்டி வருவார், கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகுவார். இரண்டு கார்களும் வளைவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் ஓரத்துப் பலகைகளை ஒன்றாகக் கடக்கும். யார் முதலில் பிரேக்கைத் தொடுகிறார் என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வெள்ளைப் புகை கிளம்பும். பிரேக்கை ரொம்பத் தாமதமாகப் பிடித்தவர் முந்திவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் வளைவில் வெளிப்பக்கம் அகலமாகப் போய்விடுவார். மற்றவர் உள்பக்கமாக வந்து இடத்தைத் திரும்பப் பிடிப்பார். இது முழுவதும் ஐந்தாறு விநாடிக்குள் நடக்கும், உங்களுக்கு நேர் எதிரே.

ஸ்பாவில் எல்லோரும் ஓ ரூஜ் வளைவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் முந்தல்கள் அதிகம் நடப்பது அதற்கு அடுத்து வரும் கெம்மல் நேர்பாதை முடிந்து லே கோம்ப் வளைவு தொடங்கும் இடத்தில். 2000ஆம் ஆண்டு ஒரு சுற்று பின்தங்கியிருந்த ரிக்கார்டோ சோன்டாவின் கார் நடுவில் போய்க்கொண்டிருக்க, அதன் ஒருபக்கம் மைக்கேல் ஷூமாக்கரும் மறுபக்கம் மிக்கா ஹாக்கினெனும் கடந்தார்களே, ஹாக்கினென் முன்னிலை பிடித்தது அங்கேதான். ஜப்பானின் சுஸுகாவில் கடைசி சிக்கேன் (அடுத்தடுத்து இடமும் வலமுமாகத் திரும்பும் மெதுவான வளைவு) அப்படிப்பட்ட இடம். 1989இல் டிரைவர்கள் செனாவும் புரோஸ்ட்டும் மோதிக்கொண்டது அந்த வளைவில்.

இடம் முடிவானதும், வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டை (பார்வையாளர் மாடத்தை) தேடுங்கள். கார்கள் உங்களை நோக்கி வருவது போலத் தெரியும். அதே ஸ்டாண்டில் நேர்பாதைப் பக்கமுள்ள இருக்கைகளில் பிரேக் பிடிப்பது நன்றாகத் தெரியும், மறுமுனையில் வளைவை விட்டு வேகமெடுப்பது தெரியும். என் தேர்வு இரண்டுக்கும் நடு.

வேகமான வளைவுகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் உள்ள மேகட்ஸ், பெக்கெட்ஸ் வளைவுகளில் கார் இடமும் வலமுமாகத் திசை மாறும் வேகத்தை டிவி காட்டவே காட்டாது. நேரில் பார்த்தால் இது எப்படிச் சாத்தியம் என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே முந்தல் குறைவு. மூன்று நாள் டிக்கெட் கையில் இருந்தால் வெள்ளிக்கிழமைப் பயிற்சியை இப்படிப்பட்ட வளைவில் நின்று பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பிரேக் பிடிக்கும் வளைவுக்கு வந்துவிடுங்கள்.

மொனாக்கோ மட்டும் தனிக் கதை. தெரு குறுகல் என்பதால் பந்தயத்தில் முந்துவது அபூர்வம். அதனால் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவாகும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றுதான் அங்கே உச்சம். சுவருக்கு எவ்வளவு நெருக்கமாகக் கார் போகிறது என்று தெரியும் இடத்தில் உட்காருங்கள்.

படி 3: மெயின் ஸ்டாண்ட் வேண்டுமா?

பொதுவாக விலை அதிகமான இடம் இது. தொடக்கம், பிட் ஸ்டாப் (டயர் மாற்றக் கார் நிற்பது), கொடியசைப்பு, பரிசு மேடை எல்லாம் இங்கேதான். ஐந்து சிவப்பு விளக்குகள் அணைந்ததும் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் பாயும் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கார்கள் உச்ச வேகத்தில் கோடு கோடாகப் போகும். தொடக்கமும் பிட் வேலையும்தான் உங்களை இழுக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். அப்போது உங்கள் அணியின் கேரேஜ் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். ஃபார்முலா 1இல் முந்தைய ஆண்டு அணிகளின் தரவரிசையை ஒட்டித்தான் பொதுவாக கேரேஜ்களை ஒதுக்குகிறார்கள்.

படி 4: வரிசையும் வேலியும்

பலர் கவனிக்காமல் விடுவது இதுதான். பார்வையாளர்களுக்கும் டிராக்குக்கும் நடுவே உயரமான கம்பி வலை இருக்கும், உடைந்த பாகங்கள் பறந்து வராமல் தடுக்க. நேர் எதிரே பார்த்தால் வலையின் கண்கள் திறந்தே இருக்கும், கார் தெரியும். ஆனால் கார் வரும் திசையில் சாய்வாகப் பார்க்கும்போது கம்பிகள் ஒன்றோடொன்று நெருங்கி, சாம்பல் நிறத் திரை மாதிரி மறைத்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்தால், கார் உங்களுக்கு நேரே வரும் அந்த ஒரு நொடிதான் தெளிவு. போன் கேமராவோ காரை விட்டுவிட்டுக் கம்பியில் ஃபோகஸ் ஆகும்.

எனவே பார்வை வேலிக்கு மேலாகப் போகும் உயரத்துக்கு ஏறுங்கள். ஸ்டாண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கைத் தவிர்த்தால் பெரும்பாலும் போதும். கூரைத் தூண் உங்களுக்கும் டிராக்குக்கும் நடுவே வருகிறதா என்று இருக்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பெரிய திரை

உங்கள் வளைவைத் தவிர மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்பது திரையில்தான் தெரியும். திரை தெரியாத இருக்கையில் பிட் ஸ்டாப்கள் தொடங்கியதும் யார் முன்னிலை, யார் எத்தனையாவது என்பது குழம்பிவிடும். திரை தெரியும் ஸ்டாண்டுகளை டிக்கெட் பக்கத்திலேயே பெரும்பாலும் குறிப்பிட்டிருப்பார்கள். குறிப்பிடவில்லை என்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

படி 6: வெயில், மழை, காது

பகல் பந்தயங்கள் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. சூரியன் அப்போது மேற்கில் இருக்கும். ஆகவே மேற்கு நோக்கிய ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்க வேண்டிவரும். கிழக்கு நோக்கியது என்றால் வெயில் முதுகுப் பக்கம். வரைபடத்தில் வடக்கு அம்புக்குறியைப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை.

மழை அடிக்கடி பெய்யும் இடங்களில் கூரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. 2021இல் ஸ்பாவில் ரசிகர்கள் பல மணி நேரம் மழையில் காத்திருந்தார்கள். கடைசியில் எல்லோரையும் மெதுவாக நடத்திச் செல்லும் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் மட்டும் ஓடி அந்தப் பந்தயம் முடிந்தது. கூரைக்குக் கீழே சத்தம் எதிரொலித்து இன்னும் பெரிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். காதடைப்பான் எல்லோருக்கும் வேண்டும். குழந்தைகளுக்கு முழுக் காதையும் மூடும் வகையே நல்லது.

இருக்கை எண் இல்லாத டிக்கெட்

ஜெனரல் அட்மிஷன் என்பார்கள். புல்மேட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், உட்காரலாம். இயற்கையாகவே மேடு பள்ளமான டிராக்குகளில் இது அருமையான தேர்வு. ஹங்கேரியின் ஹங்கரோரிங் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருப்பதால் மேட்டில் நின்றே டிராக்கின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். சமதளமான டிராக்கில் இதே டிக்கெட்டுக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். நல்ல இடம் வேண்டுமென்றால் ஞாயிறு காலை வாசல் திறக்கும்போதே போய்விட வேண்டும்.

மற்ற பந்தயங்களுக்கு

பைக் பந்தயமான மோட்டோ ஜிபி என்றால் வளைவின் உள்பக்கமும் நன்றாக இருக்கும். வண்டி சாய்வது உள்பக்கம்தானே, ரைடரின் முழங்காலும் முழங்கையும் தரையைத் தொடுவது அங்கிருந்துதான் தெரியும். வெளிப்பக்கத்தில் வண்டியின் அடிப்பகுதியே கண்ணில் படும்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மாதிரி நீள்வட்ட டிராக்கில் யோசிக்கவே வேண்டாம், எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. 24 மணி நேரம் ஓடும் லெ மான் பந்தயத்துக்கு நடந்து சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டே போதும். டிராக் 13.6 கிலோமீட்டர், ஒரே இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பந்தயத்துக்குப் பொருந்தாது.

பணம் கட்டும் முன்

ஸ்டாண்டின் பெயரையும் பகுதி எண்ணையும் போட்டு யூடியூபில் தேடுங்கள். அங்கே உட்கார்ந்த யாராவது வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு கார் கண்ணில் பட்டதிலிருந்து மறையும் வரை விநாடியை எண்ணுங்கள், படி 1இல் போட்ட கணக்கு சரிதானா என்று தெரிந்துவிடும். கூடவே அந்த ஸ்டாண்ட் டிராக்குக்கு உள்ளே இருக்கிறதா வெளியேவா, உள்ளே என்றால் எந்தப் பாலம் அல்லது சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும், அதற்கு எந்த வாசல் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தவறான வாசலில் இறங்கினால் டிராக்கைப் பாதி சுற்றி நடக்க வேண்டியிருக்கும்.