பழைய பிக்கப்பா புது பிக்கப்பா, நம்ம கன்னியாகுமரி மாவட்ட ஓட்டத்துக்கு எது தாங்கும்? எப்படி பாத்து எடுக்கணும்

தங்கச்சி மாப்ள போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணுதான், மச்சான் ஒரு பிக்கப் எடுக்கணும், எல்லாரும் பழைய வண்டிதான் தாங்கும், புதுசெல்லாம் வெறும் ஒயரும் லைட்டும்னு சொல்லுதாங்க, நீங்க ரெண்டும் ஓட்டுனவரு, உள்ளத சொல்லுங்கன்னு. அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் அவன்கிட்ட சொன்னதுதான் இது. அதே கேள்வியோட வேற யாராவது அலைஞ்சா அவங்களுக்கும் ஆகட்டும்னு டைப் பண்ணுதேன், நீளமா போகும், டீ குடிச்சிட்டு படிங்க.

நான் 2006 மாடல் பிக்கப் ஒண்ணை பல வருஷம் ஓட்டுனேன், 2021ல இருந்து பிஎஸ் 6 (அரசாங்கம் போட்ட புது புகை விதி) டீசல் ஒண்ணு ஓடுது. கம்பெனி பேரு வேண்டாம், எல்லா கம்பெனிலயும் ரெண்டு கதையும் உண்டு.

முதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கணும். பழைய வண்டி வழியில நிக்காதுன்னு சொல்லுதோமே, நின்னுருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை ஒர்க் ஷாப்ல நின்னுருக்கு. செல்ஃப் எடுக்காது, டேங்க்ல இருந்து டீசல இழுக்குற லிஃப்ட் பம்ப் போகும், ஹோஸ் பொத்துக்கிட்டு தண்ணி இறங்கும், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உடையும். ஆனா அதெல்லாம் இருநூறு முந்நூறு ரூபாய்ல, தக்கலையிலோ திங்கள்நகர்லயோ ரோட்டு ஓரத்துலயே முடிஞ்சிரும், அதனால நாம அத ரிப்பேர்னே கணக்குல வைக்கல. புதுசு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் படுக்கும், ஆனா படுத்தா ரெண்டு நாளும் ஒரு பெரிய பில்லும் ஆகும், அது மட்டும் நெஞ்சுல நிக்கும். இன்னொண்ணு, இன்னைக்கு ரோட்ல ஓடுற இருபது வருஷத்து வண்டிய பாத்து அந்தக் காலத்து வண்டியெல்லாம் இரும்புன்னு சொல்லக்கூடாது கேட்டியளா, அதுகூட பிறந்ததுல எத்தனையோ வண்டி எப்பவோ ஆக்கர் கடையில எடைக்குப் போயாச்சு, அத நாம பாக்கல, அவ்வளவுதான்.

என்ன மாறிச்சுன்னு சுருக்கமா சொல்லுதேன். பழைய டீசல்ல மெக்கானிக்கல் பம்பு, டீசல பீச்சுற நாசில் திறக்கதுக்கு சுமாரா 200 பார் பிரஷர் போதும், பம்ப் நாசில் கடையில கொண்டு போட்டா சாயங்காலம் ரெடி. காமன் ரெயில், அதாவது ஒரே குழாய்ல டீசல அமுக்கி வச்சு கம்ப்யூட்டர் சொல்படி பீச்சுற முறை, வந்தப்புறம் அந்த பிரஷர் 1,600 பார் வரைக்கும் போகுது. நம்ம டயர்ல அடிக்கிற காத்து மூணரை பார் தான், அப்ப நினைச்சுப் பாருங்க. இதுல டீசல பீச்சுற இன்ஜெக்டருக்கு உள்ள இருக்கிற இடைவெளி தலைமுடிய விட ரொம்ப சின்னது, டீசல்ல கொஞ்சம் தண்ணியோ தூசியோ வந்தா தாங்காது. அப்புறம் 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1ல நேரா பிஎஸ் 6, 2023 ஏப்ரல்ல அதுக்கும் ரெண்டாம் கட்டம். பிஎஸ் 6 டீசல்னா சைலன்சர் லைன்லயே டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி, சில வண்டில புகைய சுத்தம் பண்ண ஆட்ப்ளூன்னு யூரியா தண்ணிக்கு ஒரு டேங்க், போதாததுக்கு ஏழெட்டு சென்சார். எஞ்சின் உள்ள இருக்கிற பிஸ்டன், கிராங்கெல்லாம் முன்னத விட நல்லாத்தான் செய்யுதாங்க. படுக்கிறது அது இல்ல, அத சுத்தி இருக்கிற ஒயரும் சென்சாரும்தான்.

என் ரெண்டு ராத்திரிய சொன்னா எளுப்பமா புரியும். பழைய வண்டில ஏத்தங்கொல (நேந்திரன் வாழைக்குலை) லோடு ஏத்தி திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்கு போறேன், அழகியமண்டபம் தாண்டி வண்டி திக்கி திக்கி நின்னுபோச்சு. டீசல் லைன்ல ஏர். பானட்ட தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பானரால ப்ளீட் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, ஹேண்ட் பம்ப்ப அமுக்கி அமுக்கி நுரை போய் சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் அடிச்சேன், கையெல்லாம் டீசல், இருபது நிமிஷத்துல கிளம்பியாச்சு. புது வண்டில அதே ரோடு, அதே லோடு, குழித்துறை பக்கம் மஞ்ச லைட் எரிஞ்சுது, வண்டி நாப்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது. தெரிஞ்ச மெக்கானிக்க எழுப்பி கூட்டிட்டு வந்தா, அவரு பானட்ட திறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டாரு. "இதுக்கு ஸ்பானர் வேண்டாம்லே, லேப்டாப் வேணும்" அப்படின்னாரு. லோட வேற வண்டில மாத்தி, இத சர்வீஸ்ல விட்டு, ரெண்டு நாள் கழிச்சு சென்சார் மாத்தணும்னு ஒரு தொகை சொன்னாங்க. கடைசில பாத்தா சென்சார் நல்லாத்தான் இருக்கு, டிபிஎஃப் பிரஷர் சென்சாருக்கு போற கனெக்டர் பின்னுல பச்சை பிடிச்சிருக்கு. உப்புக்காத்து! நான் குளச்சல் பக்கம் வீட்டு வாசல்ல வெட்ட வெளில நிறுத்துற வண்டியாக்கும். துடைச்சு, ஸ்ப்ரே அடிச்சு மாட்டுனதோட சரி, இன்னைக்கு வரைக்கும் அந்த லைட் வரல.

அதனால பழசா புதுசான்னு கேக்கதுக்கு முன்ன என்ன லோடு, எவ்வளவு தூரம், வண்டி எங்க நிக்கும், இந்த மூணுக்கும் பதில் வச்சுக்கிடுங்க. முட்டத்துலயோ சின்னமுட்டத்துலயோ மீன் ஏத்தி பத்து கிலோமீட்டர்ல இறக்கிட்டு திரும்புற ஓட்டம்னா, பிஎஸ் 6 டீசல் எடுக்காதீங்கன்னே சொல்லுவேன். டிபிஎஃப்ல சேருற கரிய வண்டி தானா எரிக்கணும், அதுக்கு சுமார் 600 டிகிரி சூடு வேணும், இருபது நிமிஷமாவது ஒரே சீரா ஓடணும். சந்தைக்கும் துறைக்கும் நடுவுல நின்னு நின்னு ஓடுனா அது எரியவே எரியாது, அடைச்சுக்கிட்டு லைட் போடும். அந்த ஓட்டத்துக்கு பெட்ரோல் மினி டிரக் போதும், குட்டி யானை சைஸ்ல இப்ப பெட்ரோல்லயே கிடைக்கு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் ஷீட்டு, கொல லோடுன்னு ஏத்தமும் இறக்கமுமா வாரதுக்கும், தோவாளை பூவ தினமும் களியக்காவிளை தாண்டி கொண்டு போறதுக்கும் புது டீசல் அருமை, பவர் ஸ்டியரிங், நல்ல பிரேக்கு, ராத்திரி ஓட்டி முடிச்சாலும் தோள் வலிக்காது. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஓட்டம், வீட்டு பக்கத்துலயே நம்பிக்கையான மெக்கானிக் இருக்காருன்னா பழசுக்கு போங்க.

சரி, பழைய வண்டி பாக்க போறீங்க. எல்லாரும் எஞ்சின் சத்தத்த கேட்டு தலையாட்டுவாங்க. நம்ம மாவட்டத்துல எஞ்சின் சாகுறதுக்கு முன்னாடி பாடி செத்திரும், அதனால முதல்ல படுத்து அடியில பாருங்க. கைலி கட்டிட்டு போங்க, ஒரு சின்ன சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச்சு. சேசிஸ் நெடுக தட்டிக்கிட்டே போங்க, நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், உள்ள அரிச்சிருந்தா மண்சட்டி மாதிரி மொத்தையா கேக்கும், அந்த இடத்துல ஸ்க்ரூ டிரைவரால குத்துனா சில நேரம் உள்ளயே இறங்கிரும். பின் பட்டை மாட்டுற பிராக்கெட், ஸ்டெப்னி தொங்குற இடத்துக்கு மேல உள்ள குறுக்கு சட்டம், பிரேக் பைப் லைன், இந்த மூணையும் விடாதீங்க. பிரேக் பைப்பு மேல செதில் செதிலா துரு இருந்தா விலை பேசவே வேண்டாம், எந்திரிச்சு வந்துருங்க. மீன் லோடு அடிச்ச வண்டில ஐஸ் தண்ணியும் உப்பும் சேந்து பாடி தரை வழியா ஒழுகி சேசிஸ் மேலதான் விழும். ஓனர் வாழக்கொல மட்டும்தான் ஏத்துனேன்னு சத்தியம் பண்ணுவாரு, நீங்க பாடி மூலைல மூக்க வச்சு பாருங்க, எத்தனை தடவை கழுவுனாலும் அந்த வாடை போகாது. அடியில நேத்து அடிச்ச மாதிரி கறுப்பு பெயிண்ட் பளபளன்னு இருந்தாலும் சந்தேகப்படுங்க, நல்ல இரும்ப யாரும் அவசரமா மூடி வைக்க மாட்டாங்க.

எஞ்சினுக்கு காலைல ஆறு மணிக்கே போங்க, சொல்லாம போனா இன்னும் நல்லது. பானட்ட தொட்டா ஜில்லுன்னு இருக்கணும், சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வச்சிருக்காரு. ஸ்டார்ட் பண்ணி ஆயில் ஊத்துற மூடிய திறங்க, புகை குபுகுபுன்னு வந்தா பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன தாண்டி புகை கீழ இறங்குது, எஞ்சின் வேலை வருது. நீலப் புகை ஆயில் எரியுது, கறுப்பு டீசல் அதிகம், வெள்ளை சூடானப்புறமும் நிக்கலன்னா ஹெட் கேஸ்கெட்ட சந்தேகப்படணும்.

பழைய பிஎஸ் 6 டீசல் செகண்ட்ஸ்ல பாக்கிறீங்கன்னா விளையாட்டே வேற. சாவிய ஆன் பண்ணுனதும் மீட்டர்ல எல்லா லைட்டும் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனப்புறம் அணையணும். எஞ்சின் லைட் மட்டும் ஆன்லயே எரியலன்னா, பிரச்சினை தீர்ந்து போச்சுன்னு நினைக்காதீங்க, லைட்ட புடுங்கி விட்டிருக்காங்க. அப்புறம் சைலன்சர் குழாய்க்குள்ள விரல விட்டு தடவுங்க. பழைய வண்டில விரல் கறுப்பா வரும், அது சகஜம். டிபிஎஃப் நல்லா இருக்கிற பிஎஸ் 6ல ஏறக்குறைய சுத்தமா வரும், கரி அப்பிக்கிட்டு வந்தா வடிகட்டி உடைஞ்சிருக்கு இல்ல வெட்டி எடுத்துட்டாங்க. டிப் ஸ்டிக்க உருவி பாருங்க, ஆயில் குறைஞ்சிருந்தா எல்லாருக்கும் தெரியும், இதுல கூடியிருந்தாலும் கோளாறு. கரி எரிக்கிற வேலை பாதில பாதில நின்னு போச்சுன்னா அதுக்காக கூடுதலா அடிச்ச டீசல் ஆயில்ல இறங்கிரும், மேல் கோட்டையும் தாண்டி நிக்கும், மோந்தா டீசல் வாடை அடிக்கும். ஸ்டியரிங்குக்கு கீழ பதினாறு ஓட்டை உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும், ஸ்கேனர் வச்சிருக்கிற எலக்ட்ரீஷியன் ஒருத்தர கூட்டிட்டு போய் கோளாறு கோடு படிச்சு பாக்க சொல்லுங்க. அவருக்கு குடுக்கிற காசு வீண் இல்ல.

வாங்குனப்புறம் பழைய பழக்கத்த புதுசுல காட்டாதீங்க. பழைய வண்டில டீசல்ல மண்ணெண்ண கலந்து ஓட்டுனவங்கள எனக்கே தெரியும், இதுல ஒரு தடவை கலந்தா மொத்த இன்ஜெக்டர் செட்டும் போனாலும் போயிரும். கேன்ல வாங்கி வச்ச டீசல ஊத்தாதீங்க, மழைக்காலத்துல ஃபில்டர் அடியில தேங்குற தண்ணிய திறந்து விடுங்க, நமக்கு ரெண்டு மழையும் உண்டுல்ல. ஆயில் விலை குறைவா இருக்குன்னு கண்டத ஊத்துனா அதுல உள்ள சாம்பல் டிபிஎஃப்ல போய் உக்காந்துரும், கரி மாதிரி சாம்பல் எரியாது, அதனால கையேட்டுல போட்ட கிரேடுதான். ஆட்ப்ளூ உள்ள வண்டின்னா தீர்ந்து போக விடாதீங்க, அதுல தண்ணி ஊத்தி ஏமாத்தவும் முடியாது, 32.5 சதவீதம் யூரியா இருக்கணும்னு வண்டிக்கு தெரியும். லோக்கல் ஓட்டம் அதிகம்னா வாரத்துக்கு ஒரு தடவை ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு வரைக்கும் சீரா ஓட்டிட்டு வாங்க, கரி எரியும், காத்தாடிகள பாத்தாப்லயும் ஆகும். கடக்கரை பக்கம் நிக்கிற வண்டிய வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியால அடியில அடிங்க, கனெக்டர் பக்கம் மட்டும் பிரஷர் வாட்டர் வேண்டாம், அங்க வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ப்ரே போதும்.

பேப்பர் விஷயம் சீக்கிரம் சொல்லிருதேன். பரிவாகன்னு அரசாங்க வெப்சைட்ல நம்பர் அடிச்சு எஃப்சி (வண்டி ஓட தகுதின்னு குடுக்கிற சர்டிபிகேட்), இன்சூரன்ஸ், லோன் நிலுவை, அபராதம் எல்லாம் பாருங்க, சேசிஸ் நம்பர வண்டில நேரா படிச்சு ஆர்சியோட ஒத்துப் பாருங்க. எட்டு வருஷம் வரைக்கும் எஃப்சி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம், ஒவ்வொரு எஃப்சிக்கும் பெயிண்ட்டு, வெல்டிங்குன்னு ஒரு செலவு உண்டு, அத பழைய வண்டி விலைல கூட்டிக்கிடணும். கேரளா நம்பர் வண்டி விலை குறைச்சு வரும், அந்த ஊர் ஆர்டிஓ குடுக்கிற என்ஓசி (தடையில்லா சான்று) கையில வராம, இங்க டேக்ஸ் எவ்வளவுன்னு விசாரிக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. லோன் இருந்த வண்டின்னா லோன் முடிஞ்சதுக்கு ஃபார்ம் 35, பேர் மாத்த 29ம் 30ம், கையெழுத்து எல்லாம் முதல்லயே.

தங்கச்சி மாப்ள ரெண்டு பழைய டீசல பாத்தான், ஒண்ணுல ஸ்க்ரூ டிரைவர் உள்ள இறங்கிச்சு, இன்னொண்ணு காலைல ஆறு மணிக்கே பானட் சூடா இருந்துச்சு. கடைசில ஒரு பெட்ரோல் மினி டிரக் எடுத்திருக்கான், மீன் இறக்கிட்டு வந்ததும் தினமும் ஹோஸ் பைப்ப தூக்கிட்டு அடியில கழுவுதான்னு தங்கச்சி சொன்னா, வீட்டு வாசல் பூரா ஒரே தொளியாம், அதுக்கு திட்டு எனக்கு விழுது.