சர்க்கரைக்காரர் காலில் புண்: நாம் செய்யும் தவறுகள்

பெரியப்பா அன்று முழுக்க ரங்கூன் நகரத் தெருக்களில் அலைந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றினார். கழலவில்லை. செருப்பைத் துளைத்த ஆணி குதிகாலுக்குள் ஏறியிருந்தது. அலறியது பெரியம்மாதான், பெரியப்பா "எங்கே?" என்று குனிந்து தேடினார். 20 வருடச் சர்க்கரை, கால் மரத்துப்போயிருந்தது.

"வலிக்கவே இல்லையே, சின்னக் காயம்தான்" என்றார். முதல் தவறு அது. வலி தெரியாத காலில் சின்னக் காயம் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கே காட்டியிருக்க வேண்டும்.

அடுத்து வீட்டு வைத்தியம் தொடங்கியது. மஞ்சள், சுண்ணாம்பு, யாரோ சொன்ன காப்பித்தூள். கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் வேறு; சீழ் பிடிக்காத புண்ணுக்கு அதனால் பயனில்லை. இத்தனையும் போட்டுக்கொண்டு தினமும் கடைக்கு நடந்தே போனார். நான் பார்த்தவரை எல்லா வீட்டிலும் நடக்கும் பெரிய தவறு இந்த நடைதான். மருந்து ஒட்டவைப்பதை ஒவ்வொரு அடியும் பிய்த்துப்போடுகிறது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்து இதைப் புரிந்துகொண்டார். சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சியில்லாத பாதத்தை ஊன்றி ஊன்றியே புண்ணாகிறது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் ஆறுகிறது. பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரைக்காரர் காலுக்கும் அதையே சொன்னார். கட்டா, தனிச் செருப்பா என்பதை ரத்த ஓட்டத்தையும் சீழையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அதுவரை அந்தக் காலை ஊன்றாதீர்கள்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பது இன்னொரு தவறு. சூடு தெரியாமல் வெந்துபோகும், தோலும் ஊறிக் கிழியும். கழுவினால் போதும், தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய் குதிகாலுக்கு மட்டும், இடுக்குக்கு வேண்டாம். கால் ஆணியை பிளேடால் செதுக்குவதும், அதற்கென விற்கும் பிளாஸ்டரை ஒட்டுவதும் கூடவே கூடாது.

இந்த ஊரில் வெறுங்காலைத் தவிர்ப்பது லேசில்லை. ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. சித்திரை மதியத்தில் அந்தப் பளிங்கு கொதிக்கும். மற்றவர்கள் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள், மரத்த கால் நின்று வேகும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கோபிக்க வேண்டாம்: மரத்த காலோடு பூக்குழியில் இறங்காதீர்கள். மகன் இறங்கட்டும், அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

சிவப்பு பரவுவது, நாற்றம், சீழ், கறுப்பு, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானாலும் அப்படித்தான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆறிவிட்டால் விட்டுவிடுவதும் தவறே. 100 பேரில் 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்ப வருகிறது. பெரியப்பாவுக்கு ஆற 5 மாதமானது. இப்போது ராத்திரிதோறும் பேத்தி செல்போன் வெளிச்சத்தில் அவர் உள்ளங்காலைப் பார்க்கிறாள். பிறகு செருப்பைத் தலைகீழாகத் தட்டி, அடிப்பக்கத்தை விரலால் ஒரு முறை தடவிவிட்டுத்தான் வைக்கிறாள்.